பதினோரு வீடுகளின் அட்டவணை

உன் டின் வந்து சேர்ந்துவிட்டது. போன வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை உன் தம்பி செங்கல்பட்டிலிருந்து பஸ் ஏறி வந்து, என் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, துண்டில் சுற்றிக் கொண்டுவந்ததை மேசைமேல் வைத்தான். டீக்கடைகளில் இருக்குமே, அந்தப் பெரிய பிஸ்கட் டின். மூடி இல்லை. வெளியே ஒட்டியிருந்த காகிதம் முழுக்க உரிந்துபோய், தகரம் பழுப்பேறிக் கிடந்தது. குனிந்து முகர்ந்தேன். துருவும் பழைய நெல்லும் கலந்த வாசனை. பத்து வருஷமாக நான் மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்த வாசனை.

“அக்கா சொல்லிட்டுப் போச்சிங்க, இத்த உங்களாண்டதான் குடுக்கணும்னு. வேற யாரு கேட்டாலும் குடுக்கக் கூடாதாம்” என்றான்.

“வேற யாருப்பா கேக்கப் போறாங்க இந்த டின்னை?”

“டெல்லிலேர்ந்து ஒரு சார் லெட்டர் போட்டுக்கினே கீறாருங்க. கண்ணாடிப் பெட்டில வெக்கப் போறாங்களாம்.”

கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. உன்னைப் புதைத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. உன் டின்னுக்குக் கண்ணாடிப் பெட்டி! என் பத்து வருஷத்து ஆராய்ச்சித் தாள்களை மொத்தமாகக் கட்டி வைத்தால் பழைய பேப்பர்காரன்தான் எடுத்துக்கொண்டு போவான். உன் தம்பிக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு அந்த டின்னை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செத்தும் என்னை விடமாட்டாயா நீ?

நேரில் ஒருநாளும் சொல்லாததை இப்போது சொல்லிவிடுகிறேன். எனக்கு உன்மேல் பொறாமை. ஏதோ ஒருநாள் வந்துபோன பொறாமை இல்லை; உத்திரமேரூர் ஐஸ்கூலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து கூடவே இருக்கிறது. எனக்குத் தனி அறை, மேசை, மேசை விளக்கு, வீட்டுக்கே வந்து கணக்குச் சொல்லித்தரும் வாத்தியார். உனக்கு ஒன்றும் கிடையாது, மார்க் மட்டும் அதிகம். ஒருத்தி வயிறு எரிய இது போதாதா? மெட்ராஸ் கல்லூரியில் பொருளாதாரம் எடுத்தபோதாவது வேறு வேறு திசைக்குப் போவோம் என்று பார்த்தேன். நீயும் பொருளாதாரம்தான் எடுத்தாய். எம்.ஏ. முடிவில் நீ முதல், நான் இரண்டாவது. “மூணு மார்க்குதான்டி வித்தியாசம்” என்று நீ என்னைத் தேற்றினாய் பார், அந்தத் தேற்றலை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஹாஸ்டலில் என்னை ‘டீ’ போட்டுத்தான் பேசுவாய். லீவுக்கு ஊருக்குக் கிளம்பி, பஸ் உத்திரமேரூர் ஏரிக்கரையைத் தொட்டதும் உன் வாயில் ‘வாங்க, போங்க’ வந்துவிடும். மானாம்பதிப் பக்கம் இருந்த நம் ஊர்ப் பாதையில் எனக்கு இரண்டடி பின்னால் நடப்பாய். ஒருமுறை எனக்குக் கோபம் வந்து, “ஏண்டி இப்படிப் பண்றே? நல்லாவா இருக்கு?” என்று கேட்டேன்.

“இங்க எங்கம்மா கூலிக்குப் போற வூட்டுப் பொண்ணு நீங்க. மெட்ராஸ்ல நீ யாரோ நான் யாரோ. பேஜாரு பண்ணாம நடங்க” என்றாய். ஒரே மூச்சில் ‘நீ’யும் ‘நீங்க’வும். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போது அதில் எனக்குச் சிரிப்புக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

எம்.ஏ. முடித்த வருஷம்தான் பேராசிரியர் நம் இரண்டு பேரையும் கூப்பிட்டார். கிராமத்தில் கூலியை யார் நிர்ணயிக்கிறார்கள், ஆள் தேவை ஏறும் நடவுக் காலத்தில் கூலியும் ஏறுகிறதா என்று அவருக்குத் தெரிய வேண்டும். ஒரே ஊர்க்காரர்களாக இரண்டு பெண்கள் கிடைத்தது அவருக்கு வசதியாகப் போயிற்று. கூலி கொடுக்கும் வீடுகள் நம் ஊரில் பன்னிரண்டு. அந்த வீடுகளுக்கு நான் போக வேண்டும், கூலி வாங்குகிறவர்களிடம் நீ போக வேண்டும். ஆளுக்கொரு அறிக்கை. ஆராய்ச்சி நிலையத்தில் ஒரே ஒரு வேலை காலியாக இருக்கிறது, நல்ல அறிக்கை யாருடையதோ அவருக்கு அது என்று அவர் சொன்னபோது நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்த வேலை வேண்டும். உன்னைவிட ஒரு தடவையாவது முன்னால் நிற்க வேண்டும். அவ்வளவுதான் என் வாழ்க்கையில் அப்போது இருந்தது.

என் பாட்டைச் சொல்லவே வேண்டாம், ராஜபாட்டை. எந்த வீட்டுக்குப் போனாலும் நாற்காலி போட்டார்கள், காபி கொடுத்தார்கள். “நாஷ்டா பண்ணிட்டுதான் போவணும்” என்றார்கள். கூலி எவ்வளவு என்று கேட்டால் பன்னிரண்டு வீட்டிலும் ஒரே பதில். ஆணுக்கு மூணு படி நெல், பெண்ணுக்கு ரெண்டு படி நெல். எங்கள் வீட்டுக்கும் படிவத்தோடு போய் நைனாவின் எதிரில் பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன். பெற்ற மகளுக்கு முன்னால் அவர் சட்டை போட்டுக்கொண்டு வந்து பதில் சொன்னார். அதே மூணு படி, ரெண்டு படி. நான்கு நாளில் வேலை முடிந்துவிட்டது. ஊர் முழுக்க ஒரே கூலி, பேரம் கிடையாது, நடவானாலும் அறுப்பானாலும் அது அசையாது என்று அழகாக எழுதினேன். நான் போட்ட அட்டவணையில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

நீ அதை ஒருமுறைக்கு இருமுறை படித்தாய். பிறகு, “எல்லா வூட்லயும் ஒரே கூலின்னா, நடவு வந்தா பொம்பளைங்க இன்னாத்துக்கு ஏரிக்கு அந்தாண்ட கீற வூட்டுக்கு மொதல்ல ஓட்றாங்க?” என்று கேட்டாய்.

“பழக்கம்தான். அந்த வீட்டுமேல ஒரு விசுவாசம்” என்றேன்.

“விசுவாசமா!” நீ சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்த காக்கை பறந்துபோயிற்று. “ஒரு மைல் சேத்துல நடந்து போறதுக்கு விசுவாசம் பத்தாதுங்க. வேற இன்னாமோ கீது.”

மறுநாள் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இந்த டின்னை வாங்கிக்கொண்டு வந்தாய். கூடவே ஒரு ஆணி. பொழுது சாய்ந்து நடவுப் பெண்கள் கூலி நெல்லை முந்தானையில் கட்டிக்கொண்டு திரும்பும் வழியில், புளியமரத்தடியில் போய் உட்கார்ந்தாய். நீ என்னதான் செய்கிறாய் என்று பார்க்க நானும் பின்னால் வந்தேன். மூட்டையை அவிழ்த்து டின்னில் கொட்டச் சொன்னாய்.

“அய்ய, இதுல இன்னாத்துக்கும்மே கொட்டணும்? கம்மி பண்ணிடுவியா?” என்றாள் ஒருத்தி.

“ஒரு மணிகூட எடுக்க மாட்டேன்க்கா. பாத்துட்டு அப்படியே திருப்பிக் குடுத்துட்றேன்.”

“பாத்து இன்னா பண்ணப் போற? எங்களுக்குத் தெரியாததா? அந்தாண்ட வூட்டுப் படி ஆழம் ஜாஸ்தி. மேலத்தெரு வூட்டுப் படி அடில தட்டி உள்ள ஏத்தி வெச்சிகீறாங்க. ரெண்டு படின்னா எல்லாம் ரெண்டு படி ஆய்டுமா?”

நெல்லை டின்னில் கொட்டி, உள்ளங்கையால் மேலே சமன் செய்து, அது நின்ற மட்டத்தில் உள்பக்கம் ஆணியால் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் உன் கணக்குப்படி வீட்டுக்கு ஒரு எண் கீறினாய். நான் உதவுகிறேன் என்று டின்னைப் பிடித்து லேசாக ஆட்டினேன். “குலுக்காத!” என்று என் கையைத் தட்டிவிட்டாய். “குலுக்குனா நெல்லு எறங்கும். அப்புறம் எல்லாம் பொய்யி.”

அப்போதுதான் அந்தப் பெண்கள் என்னைச் சரியாகப் பார்த்தார்கள். பேச்சு நின்றுவிட்டது. எங்கள் வயல் நடவிலிருந்து வந்த ஒருத்தி, அவிழ்க்க இருந்த முந்தானையை மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டு, “எனுக்கு வேல கீது” என்று போய்விட்டாள். மற்றவர்களும் கலைந்தார்கள். நீ என்னைக் கோபிக்கவில்லை. “நாளைக்கு நீங்க வராதீங்க” என்றாய், ஊர் மரியாதையில். என்னிடம் சொல்லாததை இந்த ஊரே உன்னிடம் சொல்கிறதே என்று அன்று ராத்திரி முழுக்கப் பொருமினேன்.

இதில் கேவலம் என்ன தெரியுமா? எங்கள் சாமான் அறையில் இரண்டு படி இருந்தது எனக்குக் குழந்தையிலிருந்தே தெரியும். ஒன்று சுவரில் ஆணியில் தொங்கும், ஒன்று நெல் குதிர்மேல் இருக்கும். ஒன்று பழசு, ஒன்று புதுசு என்றுதான் நினைத்திருந்தேன். எம்.ஏ. வரை படித்தவள் நினைப்பு அது. படி என்றால் படி. அதில் கேட்க என்ன இருக்கிறது?

அந்தக் கருத்தரங்கு நாளுக்கு வருகிறேன். ஆராய்ச்சி நிலையத்தின் நீள அறை, பேராசிரியர், இன்னும் ஐந்தாறு பேர். நான் என் அறிக்கையை வாசித்தேன், தலையாட்டினார்கள். அடுத்து நீ. வாயால் சொல்லும் கூலி ஊருக்கு ஒன்று, கையில் விழும் கூலி வீட்டுக்கு ஒன்று என்று ஆரம்பித்தாய். ஆள் தேவைப்படும் காலத்தில் ஏரிக்கு அந்தாண்ட வீட்டார் கூலியை ஏற்றுவதில்லை, பெரிய படியை எடுக்கிறார்கள். அதனால் அவர்களுக்கு முதலில் ஆள் கிடைக்கிறது, மற்ற வீட்டார் முகமும் கோணுவதில்லை என்றாய். அறையில் எல்லாரும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள். என் அறிக்கை எங்கே இருந்தது என்று தேட வேண்டியதாகிவிட்டது. இது பொய் என்று சொல்ல ஏதாவது அகப்படாதா என்று உன் அட்டவணையின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தேன். அகப்பட்டது. வரிசைகளை எண்ணினேன். பதினொன்று.

எழுந்து நின்று கேட்டேன். “ஊரில் கூலி கொடுக்கும் வீடுகள் பன்னிரண்டு. அட்டவணையில் பதினொன்றுதான் இருக்கிறது. பன்னிரண்டாவது வீடு எங்கே?”

சத்தியமாகச் சொல்கிறேன், கேட்கும்போது எது அந்த வீடு என்று எனக்குத் தெரியாது. உன் எண்கள் உன் எண்கள்; வீட்டுக்காரர் பெயர் ஒன்றும் நீ போடவில்லை. உன்னை மாட்டிவிட்டேன் என்ற சந்தோஷத்தில் என் குரல்கூட உயர்ந்துவிட்டது. பேராசிரியர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு உன்னைப் பார்த்தார். நீ அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய். கொஞ்ச நேரம்தான். பிறகு அவர் பக்கம் திரும்பி, “அந்த வீட்டுப் படி கிடைக்கலை சார்” என்றாய்.

“ஏன் கிடைக்கவில்லை?”

“கிடைக்கலை சார்.”

ஒன்று விட்டுப்போனால் மற்ற பதினொன்றை எப்படி நம்புவது, எதை எடுத்தோம் எதை விட்டோம் என்று சொல்லத் தெரியாதது ஆராய்ச்சி இல்லை என்று அவர் கால்மணி நேரம் பேசினார். பிஸ்கட் டின்னைப் பற்றி யாரோ ஒரு நையாண்டி செய்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேலை எனக்குக் கிடைத்தது.

வெளியே வந்து படிக்கட்டில் என்னைக் கண்டதும், “நல்லா இருடி” என்றாய். குத்தலா வாழ்த்தா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. உன் பேச்சில் குத்தல் இருந்ததே கிடையாது. அதனால்தான் எனக்கு எரிந்தது.

அதற்குப்பின் ஊருக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். சாமான் அறையில் அந்தப் படி தொங்கிக்கொண்டுதான் இருந்தது. எடுத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அந்தப் பெண் அன்று முந்தானையை இறுக்கிக்கொண்டு போனாளே, அதனால் உனக்கு நிஜமாகவே எங்கள் வீட்டு அளவு கிடைக்காமல் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கிடைக்காவிட்டால் மறுநாள் போய் வாங்கியிருக்க வேண்டாமா? சோம்பல். கவனக்குறைவு. உன்னிடம் இருந்த ஒரே குறை அது. எனக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று உனக்குத் தெரியாது. யாராவது உன்னைப் புகழ்ந்து பேசும்போதெல்லாம், “கெட்டிக்காரிதான், ஆனா வேலையில முழுமை இருக்காது” என்று சொல்லிவிட்டு நிம்மதியாகக் காபி குடித்திருக்கிறேன்.

புகழ்கிறவர்களுக்கோ குறைவில்லை. இரண்டு வருஷம் கழித்து அந்த அறிக்கையை நீயே ஒரு ஆங்கிலப் பத்திரிகைக்கு அனுப்பினாய். ‘ஒரு வீட்டின் படி கிடைக்கவில்லை’ என்ற அடிக்குறிப்போடு வந்தது. அவ்வளவுதான், டெல்லியில் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். வெள்ளைக்காரர் ஒருவர் நம் ஊருக்கே வந்து புளியமரத்தைப் படம் பிடித்துக்கொண்டு போனார். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் என்னை அறிமுகம் செய்பவர், “இவங்க அவங்க ஊரு” என்பார். என் பெயர் அதற்கப்புறம்தான் வரும்.

எனக்கு ஆராய்ச்சி நிலையத்தில் கொடுத்தது கம்பெனிப் பிரிவு. வருஷா வருஷம் கம்பெனிகள் அச்சடித்து விடும் ஆண்டறிக்கைகளைப் பரப்பிக்கொண்டு உட்கார வேண்டும். லாபம் ஏறினாலும் இறங்கினாலும் பங்குதாரர்களுக்கு ஏன் அதே நூற்றுக்குப் பத்து, அதே நூற்றுக்குப் பன்னிரண்டு டிவிடெண்டே தருகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. ஐந்து வருஷம் அதோடு மல்லுக்கட்டினேன். நீ டெல்லியிலிருந்து லீவில் வந்தபோது ஒருநாள் காஞ்சிபுரத்திலிருந்து ஒரே பஸ்ஸில் ஊருக்குப் போனோம், நினைவிருக்கிறதா? ஜன்னலோரம் எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, “இன்னாடி ஆராய்ச்சி பண்ணிக்கினு கீற?” என்று கேட்டாய். சொன்னேன்.

“நூத்துக்குப் பத்துன்றியே, எந்த நூத்துக்கு?”

“பங்குக்காரங்க போட்ட முதலுக்கு.”

“அந்த மொதலு வருஷா வருஷம் அதேதானா?”

“இல்ல. நடுவுல போனஸ் பங்குன்னு ஒண்ணுக்கு ஒண்ணு இனாமா கொடுப்பாங்க. அப்ப முதல் ரெண்டு மடங்கா...” சொல்லிக்கொண்டு வந்தவள் நிறுத்திவிட்டேன்.

“அப்ப படிய மாத்திட்டாங்கடி” என்று தொடையைத் தட்டிச் சிரித்தாய். “உன் கம்பெனிக்காரன் பங்குக்காரனுக்குப் படியப் பெருசாக்குறான். நம்ம ஊர்ல கூலிக்காரிக்குச் சின்னதாக்குறாங்க. வாயால சொல்றது மட்டும் ரெண்டு எடத்துலயும் மாறாது. பத்துன்னா பத்து, ரெண்டு படின்னா ரெண்டு படி.”

ஐந்து வருஷம் எனக்குப் பிடிபடாதது, பஸ் அடுத்த நிறுத்தம் போவதற்குள் உன் வாயிலிருந்து வந்துவிட்டது. எனக்கு உன்னை ஜன்னல் வழியாகத் தள்ளிவிடலாம் போலிருந்தது. அதை நான் எழுதினேனா? எழுதவில்லை. எழுதினால் கீழே உனக்கு நன்றி சொல்ல வேண்டுமே. அதற்கு மனசு வராமல் இரண்டு வருஷம் மேசை இழுப்பறையில் போட்டு வைத்தேன். அதற்குள் பம்பாய்க்காரர் ஒருவர் அதையே எழுதிப் பேர் வாங்கிவிட்டார். உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை. “அடப் பாவி, நீ எழுதுவன்னு நெனச்சேனே” என்று நீ கடிதம் போட்டிருந்தாய். பதில் போடவில்லை.

பீகார் பக்கம் எங்கோ கூலிக் கணக்கெடுக்கப் போன இடத்தில் மஞ்சள் காமாலை வாங்கிக்கொண்டு வந்து, முப்பத்துமூன்று வயதில் நீ போய்விட்டாய். செங்கல்பட்டில் உன்னைக் குழியில் இறக்கும்போது நானும் நின்றிருந்தேன். டெல்லியிலிருந்து வந்தவர்கள், உன் மாணவர்கள், லாரி பிடித்து வந்த நம் ஊர் நடவுப் பெண்கள். மண் போடக் கை நீட்டினவர்களின் வரிசை கேட் வரைக்கும் நின்றது. நான் செத்தால் இவ்வளவு பேர் வருவார்களா என்று நினைத்தேன். ஆமாம், அந்த நேரத்தில். அங்கே வேறு எதையும் நினைக்க வரவில்லை எனக்கு.

இப்போது டின். உன் தம்பி போனபின் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து உள்ளே பார்த்தேன். உன் ஆணிக் கோடுகள் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் உன் நேரான எழுத்தில் எண். எண்ணினேன், பழைய வழக்கம். பதினொன்று. அவை எல்லாவற்றுக்கும் கீழே, இரண்டு விரற்கடை தள்ளி, இன்னொரு கோடு இருந்தது. அதற்கு எண் இல்லை.

மறுநாளே உன் தம்பி வேலை பார்க்கும் ஆபீசுக்குப் போன் போட்டேன். “அந்தக் கோடு எனக்கும் தெரியுங்க. டெல்லி சாருகூட இது இன்னான்னு கேட்டாரு. கை வழுக்கிடுச்சி சார்னு அக்கா சிரிச்சிச்சி” என்றான்.

கை வழுக்கிய கோடு அவ்வளவு நேராக, டின்னின் ஒரு பக்கம் முழுக்கப் போகுமா?

சனிக்கிழமை டின்னைப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனேன். இப்போதெல்லாம் கூலி ரூபாயில்தான். நைனாவுக்கு வயதாகிவிட்டது, கண் மங்கல், கட்டிலை விட்டு அதிகம் எழுவதில்லை. சாமான் அறையில் நான் எக்கி எக்கிச் சுவரிலிருந்து படியை எடுக்கும் சத்தம் அவருக்குக் கேட்டுவிட்டது.

“இன்னாத்தம்மா எடுக்கற?”

“படி நைனா. கொஞ்சம் நெல்லு அளக்கணும்.”

“தொங்கறதா? அது வேணாம்மா. அது கூலிப் படி. நல்ல படி குதிருமேல கீது பாரு, அத்த எடுத்துக்கோ.”

அவர் ஒளிக்கவில்லை, தடுமாறவில்லை. மகள் ஏமாந்துவிடக் கூடாதே என்ற அக்கறை மட்டும்தான் அந்தக் குரலில் இருந்தது. என் படிவத்தில் நான் ஒருநாளும் கேட்காத கேள்விக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டே பதில் சொல்லிவிட்டார். நான் தொங்கியதையே எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன்.

பட்டப்பகல் வெளிச்சத்தில் டின்னை வைத்து, மூட்டையிலிருந்து நெல்லை அளந்து கொட்டினேன். ஒரு படி. இரண்டு படி. ஒரு பெண்ணின் ஒருநாள் கூலி. உள்ளங்கையால் சமன் செய்தேன். கோடு தெரியாமல் நெல் மேலே நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். நெல் அந்த எண் இல்லாத கோட்டில் வந்து நின்றது, கோட்டோடு கோடாக. டின்னை லேசாக ஒரு குலுக்கு குலுக்கினால் நெல் இறங்கிவிடும், பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். கை போயிற்று. நீ தட்டிவிட்ட அதே கை. குலுக்கவில்லை.

ஆக, உனக்குப் படி கிடைத்திருக்கிறது. நான் வராத மறுநாளே அந்தப் பெண் முந்தானையை அவிழ்த்திருப்பாள். நீ அளந்து, கோடு போட்டு, எண் போட ஆணியை எடுத்து, அப்புறம் நிறுத்தியிருக்கிறாய். பன்னிரண்டில் மட்டமான படி என் வீட்டுப் படி. நான் எழுந்து நின்று அதைக் கேட்ட அன்று, ‘உன் வீடுதான்’ என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் வேலை உனக்கு, தலைகுனிவு எனக்கு. உன் அம்மாவுக்குப் பயந்து சொல்லாமல் விட்டிருப்பாய் என்று ஒரு சமாதானம் தேடிப் பார்த்தேன். அதற்கும் வழியில்லை, கருத்தரங்குக்கு ஒரு மாதம் முன்பே உன் அம்மா எங்கள் வேலையை விட்டுவிட்டு உன் தம்பியோடு செங்கல்பட்டுக்குப் போய்விட்டாள். எனக்காகத்தான் விட்டிருக்கிறாய். அப்படிக் கேட்டவளுக்காக.

பாவி, பத்து வருஷமாக நான் பிடித்துக்கொண்டிருந்தது உன்னுடைய அந்த ஒரே ஒரு குறையைத்தான். அதையும் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டாயே. இனி யாராவது உன்னைப் புகழ்ந்தால் நான் என்ன சொல்லிக் காபி குடிப்பேன்?

பின்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். துக்கம்தான். ஆனால் முழுசாகத் துக்கம் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். அதில் பாதி பொறாமை. இப்படி ஒன்றைச் செய்துவிட்டு அதைப் பற்றிப் பத்து வருஷம் வாயைத் திறக்காமல் இருக்க உன்னால் முடிந்ததே என்று. ஜன்னலோரம் விட்டுக்கொடுத்த மாதிரி இதையும் விட்டுக்கொடுத்திருக்கிறாய். என்னால் முடியாது. எனக்கு அது தெரியும், உனக்கும் தெரியும்.

திரும்பி வந்ததும் அந்த ஆங்கிலப் பத்திரிகைக்கு ஒரு குறிப்பு எழுதினேன். உன் அட்டவணையின் பன்னிரண்டாவது வரிசை, உன் பெயரில். அளவு இன்னது, வீட்டுக்காரர் இன்னார், எழுதுபவளின் தகப்பனார், அந்த வீடு எங்கே என்று கருத்தரங்கில் எழுந்து நின்று கேட்டவளும் இவளே என்று. பேராசிரியருக்கு ஒரு நகல். தபாலில் போட்டுவிட்டேன். இனி ஊரில் நைனாவின் முகத்தில் எப்படி விழிப்பேன், ஆபீசில் என்ன பேசிக்கொள்வார்கள் என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரியும். இதற்கும் உன்னைத்தான் எல்லாரும் புகழப்போகிறார்கள். புகழட்டும்.

டின் டெல்லிக்குப் போகாது. என் மேசைமேல், கம்பெனி ஆண்டறிக்கைகளின் பக்கத்தில்தான் இருக்கும். நேற்று ஒரு ஆணியை எடுத்துக்கொண்டு, அந்தக் கடைசிக் கோட்டின் பக்கத்தில் பன்னிரண்டு என்று கீறினேன். தகரம் வழுக்கியது, ஒன்று சாய்ந்துவிட்டது, இரண்டு கோணிக்கொண்டது. உன் எண்கள் பதினொன்றும் பிசகில்லாமல் நேராக நிற்கின்றன. அதிலும் நீதான்.